பவர் ஸ்டீயரிங்கைக் கழற்றி மேனுவலாக்கிய பிறகு வரும் கோளாறுகள்: மலை ஏறும் முன் பார்க்க வேண்டியவை

பவர் ஸ்டீயரிங் ரேக் (ஸ்டீயரிங்கைத் திருப்பினால் முன்சக்கரங்களை இடம் வலமாகத் தள்ளும் பல் வைத்த நீளக் கம்பியும் அதன் கூடும்) ஒழுக ஆரம்பித்து, புது ரேக் விலையைக் கேட்டுவிட்டு, "பேசாம மேனுவலாவே மாத்திடலாம்" என்று முடிவெடுக்கும் பழைய கார்க்காரர்கள் சேலத்தில் உண்டு. மாற்றுவதில் தப்பில்லை. மாற்றிய பிறகு எந்தக் குறை சொன்னாலும் "மேனுவல்னா அப்படித்தாங்க டைட்டா இருக்கும்" என்று பட்டறையில் ஒரே பதிலைச் சொல்லி அனுப்பிவிடுவதுதான் தப்பு.

மாருதி 800-க்கும் ஆம்னிக்கும் கடைசி வரை பவர் ஸ்டீயரிங் கிடையாது. குடும்பத்தையும் மூட்டையையும் ஏற்றிக்கொண்டு அந்த வண்டிகள்தான் ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி இறங்கின, யாரும் கை வலி என்று பாதி வழியில் நிறுத்தவில்லை. அதனால் முதலில் இந்த ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள்: வண்டி நிற்கும்போது ஸ்டீயரிங் கனமாக இருந்தால் அது இயல்பு, சக்கரம் உருள ஆரம்பித்த பிறகும் கனமாக இருந்தால் அது கோளாறு. கீழே சொல்லும் எல்லாச் சோதனையும் இதிலிருந்துதான் கிளம்புகிறது.

உங்கள் வண்டியில் என்ன மாதிரி மாற்றம் நடந்திருக்கிறது என்று தெரியாமல் கோளாறு தேட வேண்டாம். பவர் ரேக்கை முழுசாகக் கழற்றிவிட்டு அதே காரின் அடிப்படை மாடலுக்கு வந்த மேனுவல் ரேக்கைப் போட்டிருப்பது ஒரு வகை, இதுதான் சரியான வேலை. ஆயிலைத் தள்ளும் பம்ப்பையும் அதைச் சுற்றும் பெல்ட்டையும் மட்டும் எடுத்துவிட்டு, பழைய பவர் ரேக்கையே அப்படியே விட்டு, அதன் ஆயில் குழாய்களை ஒன்றோடொன்று இணைத்துவிட்டோ அடைத்துவிட்டோ ஓட்டுவது இரண்டாவது வகை. மின் மோட்டார் வைத்த இ.பி.எஸ். வண்டியில் ஃபியூஸைப் பிடுங்கிவிட்டு "மேனுவல் ஆயிடுச்சு" என்பது மூன்றாவது. தொல்லைகளில் பெரும்பகுதி பின்னிரண்டில்தான் வரும்.

இன்னும் மாற்றாமல் யோசனையில் இருக்கிறீர்களா, அப்படியானால் இரண்டு விஷயம். முன்பக்கம் கனமான டீசல் இன்ஜின் உள்ள வண்டியில் இதைச் செய்யவே வேண்டாம் என்பேன், 800 மாதிரி சுமார் 650 கிலோ வண்டிக்கு ஒத்துவருவது ஒரு டன் வண்டிக்கு ஒத்துவராது. இரண்டாவது, மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு வண்டியில் செய்யும் மாற்றங்களைப் பற்றியது, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்க 182ஏ பிரிவில் இடமிருக்கிறது. ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் இன்சூரன்ஸ்காரரிடமும் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொண்டு அப்புறம் ஸ்பேனரை எடுங்கள். விபத்து என்று வந்தால் "ஸ்டீயரிங்கை மாத்தினீங்களா" என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும்.

"நின்ன இடத்துல திருப்பவே முடியலைங்க"

இது கோளாறு இல்லை. நிற்கும் டயரைத் திருப்பினால் ரப்பர் தாரில் தேய்ந்துகொண்டே திரும்ப வேண்டும், அந்தச் சுமை முழுக்க இப்போது உங்கள் தோளுக்கு வருகிறது. செவ்வாய்ப்பேட்டைச் சந்தில் லாரிக்கும் சுவருக்கும் நடுவே வண்டியை எடுக்கும்போது பழைய பழக்கத்தில் நின்றபடி முழு லாக் (கடைசிக் கோடி வரை) திருப்பப் பார்க்காதீர்கள், அரை அடியாவது உருளவிட்டுக்கொண்டே திருப்புங்கள். ரேக்கையும் சக்கரத்தையும் இணைக்கும் டை ராட் கம்பிகளின் முனைகளான டை ராட் எண்டுகளும் இதனால் அதிக நாள் உழைக்கும்.

இதிலும் பார்க்க வேண்டியது கொஞ்சம் உண்டு. காற்று எவ்வளவு இருக்கிறது? பவர் ஸ்டீயரிங் இருந்தவரை 24 பி.எஸ்.ஐ. காற்றோடு ஓட்டினாலும் கைக்குத் தெரியாது, இப்போது தெரியும். கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் அளவுக்குக் கொண்டுவாருங்கள், முன் டயர்களில் அதற்கு மேல் 2 பி.எஸ்.ஐ. வரை வைத்தால் போதும், அதற்கு மேல் ஏற்றினால் மழையில் பிடிப்பு போகும். அப்புறம் டயர் அகலம். 145 டயர் வந்த வண்டியில் அழகுக்காக 175 போட்டு, அதுவும் சக்கரம் வெளியே தள்ளி நிற்கிற அலாய் வீலோடு போட்டிருந்தால், மேனுவல் ஸ்டீயரிங்கைக் குறை சொல்லிப் பயனில்லை. ஸ்டீயரிங் வளையமும் அப்படித்தான், 380 மி.மீ. வளையத்தைத் தூக்கிவிட்டு 350 மி.மீ. 'ஸ்போர்ட்ஸ்' வளையம் மாட்டினால் கைக்கு 8 சதவீதத்துக்கு மேல் கூடுதல் பலம் வேண்டும். பெரிய வளையத்தையே திரும்ப மாட்டுங்கள்.

"ஓடும்போதும் டைட்டாத்தான் இருக்கு"

இதுதான் கோளாறு. யூகத்தில் பாகம் மாற்றாமல், வரிசையாகப் பிரித்துப் பிரித்துப் பார்த்தால் ஒரு மணி நேரத்தில் இடம் தெரிந்துவிடும்.

முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, கட்டாயம் ஸ்டாண்ட் கொடுத்து, இரண்டு சக்கரமும் தரையில் படாமல் நிறுத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் அடியில் போக வேண்டாம். இன்ஜின் ஆஃப், ஸ்டீயரிங் லாக் விடுபட்டிருக்கட்டும். இப்போது ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை இரண்டு விரலால் திருப்பிப் பாருங்கள். தூக்கிய நிலையில் லேசாக வழுக்கிக்கொண்டு போனால் ரேக், ஸ்டீயரிங் காலம் (வளையத்திலிருந்து ரேக்கை நோக்கி இறங்கும் தண்டு) இரண்டுமே நல்லவை; குற்றம் டயர், காற்று, அலைன்மென்ட், காஸ்டர் கோணம் (பக்கவாட்டில் பார்த்தால் சக்கரம் திரும்பும் அச்சு சாய்ந்திருக்கும் அளவு) இவற்றில் ஒன்று. தூக்கிய நிலையிலும் டைட் என்றால் இரண்டு பக்க டை ராட் எண்டையும் சக்கரத்தோடு சேர்ந்திருக்கும் ஸ்டீயரிங் கையிலிருந்து கழற்றுங்கள். கழற்றிய பின் சக்கரத்தைக் கையால் பிடித்துத் தனியாகத் திருப்பிப் பாருங்கள். சக்கரம் டைட்டாகத் திரும்பினால் அடி பால் ஜாயின்ட் காய்ந்திருக்கும், அல்லது சஸ்பென்ஷனின் மேல் தலையில் இருக்கும் ஸ்ட்ரட் பேரிங் துரு ஏறியிருக்கும். ஸ்ட்ரட் பேரிங் போனால் திருப்பும்போது ஸ்பிரிங் முறுக்கிக்கொண்டு, விட்டதும் 'டங்' என்று ஒரு சத்தத்தோடு துள்ளும். பவர் ஸ்டீயரிங் இருந்த காலத்தில் பம்ப் இந்தத் துருவையெல்லாம் முக்கித் தள்ளிக்கொண்டு போயிருக்கும், நமக்குத் தெரிந்திருக்காது.

சக்கரங்கள் லேசாகத் திரும்பி, ஸ்டீயரிங் இன்னும் டைட்டாகவே இருந்தால், ரேக்கின் பல்லோடு கடித்துச் சுற்றும் சின்னப் பல்சக்கரமான பினியனின் தலையில் இருக்கும் ஜாயின்டைக் கழற்றி, ஸ்டீயரிங் காலத்தை மட்டும் தனியாகச் சுற்றுங்கள். ஏர்பேக் உள்ள வண்டியில் இந்த இடத்தில் நிதானம் வேண்டும்: பேட்டரியைக் கழற்றிச் சில நிமிடம் விட்ட பிறகே வேலை, முன்சக்கரங்கள் நேராக இருக்கும்போதே ஸ்டீயரிங் வளையத்தை அசையாமல் கட்டிவைத்துவிட்டு ஜாயின்டைக் கழற்ற வேண்டும், சோதனைக்குச் சுற்றுவதும் இரு பக்கமும் அரைச் சுற்றுக்குள் இருக்கட்டும். இல்லையென்றால் வளையத்துக்குப் பின்னால் சுருட்டி வைத்திருக்கும் கிளாக் ஸ்பிரிங் அறுந்து, ஹாரனும் அடிக்காது, ஏர்பேக் விளக்கும் அணையாது. காலம் லேசாகச் சுற்றினால் மிச்சம் இருப்பது ரேக்தான்.

ரேக்கிலும் இரண்டு விதமான டைட் உண்டு. மெதுவாகத் திருப்பினால் லேசாகவும் வேகமாகத் திருப்பினால் கனமாகவும் இருக்கிறதா? உள்ளே ஆயில் மிச்சமிருக்கிறது. எந்த வேகத்தில் திருப்பினாலும் ஒரே கனமா? அது உலோகத்தோடு உலோகம் உரசுவது, அல்லது ரேக் முதுகில் அழுத்தும் அட்ஜஸ்டரை அளவுக்கு மீறி முறுக்கியது.

ஆயில் விஷயத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும், பழைய பவர் ரேக்கையே வைத்து ஓட்டுபவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் இது. பவர் ரேக்கின் உள்ளே கம்பியின் நடுவில் ஒரு பிஸ்டன், அதன் இரு பக்கமும் இரண்டு அறை. நீங்கள் இடப்பக்கம் திருப்பினால் ஒரு அறையில் இருக்கும் ஆயில் வெளியேறி மறு அறைக்குப் போயாக வேண்டும். இரண்டு குழாய்களையும் இணைத்துவிட்டிருந்தால் அந்த ஆயில் மெல்லிய குழாய் வழியாகப் பிதுங்கிப் போகும், அந்தத் தள்ளலை இப்போது உங்கள் கைதான் செய்கிறது. இரண்டு துளையையும் தனித்தனியாக போல்ட் போட்டு அடைத்துவிட்டார்கள் என்றால் நிலைமை இன்னும் மோசம், உள்ளே ஆயில் இருந்தால் ஸ்டீயரிங் பூட்டியதுபோல் நின்றுவிடும், காற்று இருந்தால் திருப்பிய பக்கத்துக்கு எதிராக ஸ்பிரிங் மாதிரி தள்ளும். வலப்பக்க வளைவில் பாதியில் கையைத் தள்ளுகிற ஸ்டீயரிங்கோடு மலையில் இறங்குவது என்ன கதியாகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ரேக்கைப் பிரித்து, பிஸ்டன் மேல் உள்ள சீல் வளையத்தை எடுத்துவிட்டு, ஆயிலை முழுக்க வடித்துத் துடைத்து, பல்லிலும் புஷ்ஷிலும் கிரீஸ் பூசி, இரண்டு அறைக்கும் இடையே காற்று தாராளமாகப் போய்வர வழி விட்டு மூடுவதுதான் இந்த வகையில் முறை. ஆயிலை வடித்துவிட்டுக் கிரீஸ் போடாமல் விட்டால் கொஞ்ச நாள் லேசாக ஓடும், அப்புறம் பல்லில் துரு ஏறி மறுபடி டைட்.

வடித்த ஆயிலைக் கேனில் பிடித்து, பழைய ஆயில் வாங்குபவரிடம் கொடுங்கள். சாக்கடையில் ஊற்றினால் அது போய்ச் சேருவது திருமணிமுத்தாறு, அந்த ஆற்றுக்கு நாம் ஏற்கெனவே செய்தது போதும்.

"நடுவுல ஆட்டம் இருக்கு, நேரா நிக்க மாட்டேங்குது"

ஐந்து ரோடு மேம்பாலத்தில் நேராகப் போகும்போதே இடமும் வலமும் சின்னச் சின்னதாகத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது என்றால், ஆட்டம் எங்கே என்று முதலில் கண்ணால் பார்க்க வேண்டும். ஒருவர் உள்ளே உட்கார்ந்து ஸ்டீயரிங்கை இரு பக்கமும் கொஞ்சம் கொஞ்சமாக அசைக்கட்டும், சக்கரம் தரையில் இருக்கட்டும், நீங்கள் பானெட்டைத் திறந்து டார்ச் அடித்து மேலிருந்து கீழே ஒவ்வொரு இணைப்பாகப் பாருங்கள். எந்த இடத்துக்கு மேலே அசைகிறது, கீழே அசையவில்லையோ, அந்த இடம்தான்.

பழைய பவர் ரேக் வைத்த வண்டியில் பெரும்பாலும் அது பினியன் தலையில் நிற்கும். அதற்குக் காரணம் உண்டு. பவர் ரேக்கில் மேலிருந்து வரும் தண்டும் கீழே பல் உள்ள பினியனும் ஒரே துண்டு இல்லை, இடையில் டார்ஷன் பார் என்று ஒரு மெல்லிய கம்பி இருக்கிறது. நீங்கள் திருப்பினால் அந்தக் கம்பி கொஞ்சம் முறுக்கிக்கொள்ளும், அந்த முறுக்கின் அளவுக்கு வால்வு திறந்து ஆயிலை விடும். பம்ப் போன பிறகு உதவிக்கு ஆயில் வராது, முறுக்கு மட்டும் மிச்சம். ஒவ்வொரு தடவையும் கம்பி சில டிகிரி முறுக்கி, உள்ளே இருக்கும் தடுப்பில் இடித்த பிறகே பினியன் திரும்பும். கையில் இது வெறும் லூசாகத் தெரியாது, ரப்பர் மாதிரி இழுத்துக்கொடுக்கும், விட்டால் திரும்பி வரும். ஆட்டத்தில் ஸ்பிரிங் உணர்வு இருந்தால் டார்ஷன் பார், 'லடக்' என்று செத்த ஆட்டமாக இருந்தால் தேய்ந்த ஜாயின்ட். இந்த வித்தியாசத்தை விரல் பழகிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

இதற்கு ஒரு வைத்தியம் சுற்றிக்கொண்டிருக்கிறது: மேல் தண்டையும் பினியனையும் சேர்த்து வெல்டிங் வைத்துவிடுவது. ரேஸ் வண்டிக்காரர்கள் ரேக்கை முழுக்கப் பிரித்து, நல்ல டிக் வெல்டிங்கில், சூடு பேரிங்குக்கும் சீலுக்கும் போகாமல் பார்த்துச் செய்கிறார்கள். ரோட்டோரப் பட்டறையில் ஆர்க் வெல்டிங்கில் ஒரு பொட்டு வைத்து அனுப்புவது அது இல்லை. கடினப்படுத்திய இரும்பில் அரைகுறைச் சூடு பட்டால் வெல்டிங் பக்கத்திலேயே நொறுங்கும், அந்தத் தண்டு முறிந்தால் கைக்கும் சக்கரத்துக்கும் நடுவே வேறு எதுவும் கிடையாது. என் தீர்ப்பு இதில் சந்தேகமில்லாதது: மலைக்குப் போகிற வண்டியில் வெல்டிங் வேண்டாம், அடிப்படை மாடலின் மேனுவல் ரேக்கைத் தேடிப் போடுங்கள். காயலான் கடையில் பழசு கிடைத்தாலும், பூட் (ரேக்கின் ஓரத்தை மூடும் ரப்பர் உறை), டை ராட், புஷ் எல்லாம் புதிது போட்டு, பல்லில் பள்ளம் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். நடுப் பல் தேய்ந்து ஓரப் பல் புதிதாக இருக்கும் ரேக்கை அட்ஜஸ்டரால் சரி செய்ய முடியாது. நடுவுக்கு டைட் வைத்தால் ஓரத்தில் சிக்கும்.

மேனுவல் ரேக் போட்ட வண்டியிலும் நடுவில் ஆட்டம் இருந்தால் ரேக்கைப் பிடித்திருக்கும் கிளாம்ப்பைப் பாருங்கள். பல வண்டிகளில் பவர் ரேக்கின் உடம்பு தடிமன், மேனுவல் ரேக் ஒல்லி. பழைய கிளாம்ப்புக்குள் சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றிவைத்து முறுக்கியிருப்பார்கள். ஸ்டீயரிங்கைத் திருப்பினால் சக்கரம் திரும்புவதற்கு முன் ரேக்கே பக்கவாட்டில் நகரும். அடிப்படை மாடலின் கிளாம்ப்பும் புஷ்ஷும் சேர்த்து வாங்காவிட்டால் வேலை அரைகுறைதான்.

"வளைவு முடிஞ்சும் ஸ்டீயரிங் தானா திரும்பி வர மாட்டேங்குது"

சேலம் டவுனில் ஓட்டும்வரை தெரியாமல் இருந்துவிட்டு ஏற்காடு பாதையில் வெளிவரும் புகார் இது. ஒரு எஸ்டேட் ஜீப் ஓட்டுநரும் பட்டறை மேஸ்திரியும் பேசிக்கொண்டது:

"மேல ஏறறப்ப ஒண்ணும் தெரியலைங்கண்ணா, எறங்கறப்ப வளைவு முடிஞ்சும் நானே திருப்பி விட வேண்டியிருக்கு."

"அட்ஜஸ்டரைத் தொட்டியா தம்பி?"

"ஆட்டம் இருந்துச்சுன்னு கொஞ்சம் முறுக்கினேன்."

"அதான்."

ரேக் முதுகு அட்ஜஸ்டர் ஆட்டத்தை மறைக்கும் குமிழ் இல்லை. தயாரிப்பாளர் கையேட்டில் சொன்ன அளவுக்கு முறுக்கி, சொன்ன கோணத்துக்குத் திரும்பத் தளர்த்த வேண்டும். அதற்கு மேல் முறுக்கினால் உராய்வு கூடி, சக்கரம் தானே நேராகும் பலம் அதைத் தாண்ட முடியாமல் நின்றுவிடும். இறக்கத்தில் இது அதிகம் தெரிவதற்கும் காரணம் இருக்கிறது: இறங்கும்போது வண்டியின் பாரம் முன்பக்கம் சாய்கிறது, பிரேக்கும் பிடிக்கிறோம், ஸ்டீயரிங் கனமாகிறது. ஏற்றத்தில் பாரம் பின்னால் போவதால் லேசாகத் தெரியும். அதனால் ஏற்றத்தை வைத்து "நல்லாத்தான் இருக்கு" என்று முடிவு செய்யக் கூடாது.

அட்ஜஸ்டர் சரி, ஸ்ட்ரட் பேரிங் சரி, பால் ஜாயின்ட் சரி, இருந்தும் திரும்பவில்லை என்றால் காஸ்டர் கோணத்தைப் பார்க்க வேண்டும். காஸ்டர் அதிகமானால் சக்கரம் தானாக நேராகும், ஆனால் திருப்பக் கனம்; குறைந்தால் லேசு, ஆனால் சோம்பல். பவர் ஸ்டீயரிங் வரும் மாடலில் காஸ்டரைக் கூடுதலாக வைத்து, மேனுவல் மாடலில் குறைத்து வைக்கும் வழக்கம் உண்டு. அலைன்மென்ட் கடைக்குப் போனால் டோ அளவை (முன்சக்கரங்கள் உள்பக்கமோ வெளிப்பக்கமோ திரும்பி நிற்கும் அளவு) மட்டும் பார்த்து பில் போட்டு அனுப்பிவிடுவார்கள். காஸ்டர் அளவையும் கேட்டு வாங்கி, அடிப்படை மாடலின் அளவோடு ஒப்பிடுங்கள். பல சின்னக் கார்களில் இதைத் திருப்பி வைக்க அட்ஜஸ்டர் இருக்காது, சஸ்பென்ஷனின் கீழ்க் கை அல்லது அதன் புஷ்ஷை மாற்றித்தான் சரி செய்ய முடியும்.

"ஒரு சுத்துல ரெண்டு தடவை டைட், ரெண்டு தடவை லைட்"

இதைக் கேட்டதும் ரேக்கை இறக்கத் தொடங்குபவர்களிடமிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். ஸ்டீயரிங் காலத்துக்கும் ரேக்குக்கும் நடுவில் உள்ள இணைப்புத் தண்டில் இரண்டு கிராஸ் ஜாயின்ட் இருக்கும். இரண்டும் ஒன்றுக்கொன்று சரியான நிலையில் மாட்டினால் ஒன்றின் ஏற்ற இறக்கத்தை மற்றது சமன் செய்துவிடும். ஸ்ப்ளைனில் (தண்டின் முனையில் வெட்டிய நீளவாக்குப் பற்கள்) சில பல் தள்ளி மாட்டினால் ஒவ்வொரு சுற்றிலும் கனமும் லேசும் மாறி மாறி வரும். கழற்றும் முன் சுண்ணாம்போ பெயின்ட்டோ வைத்துக் குறித்திருந்தால் வராது. குறிக்கவில்லையா, பரவாயில்லை, கழற்றி இரண்டு கிராஸின் கவட்டையையும் ஒப்பிட்டு, கையேட்டில் உள்ள நிலைக்கு மாட்டுங்கள். காய்ந்த கிராஸும் இதே அறிகுறியைத் தரும், கையில் பிடித்து மடக்கினால் ஒரு பக்கம் மட்டும் மக்கர் செய்யும்.

தண்டை மாட்டும்போது பிஞ்ச் போல்ட், அதாவது ஜாயின்டை ஸ்ப்ளைனில் இறுக்கும் குறுக்கு போல்ட், தண்டில் உள்ள பள்ளத்தின் வழியாக நுழைய வேண்டும். பள்ளத்தில் விழாமல் வெறும் இறுக்கத்தில் நிற்கும் ஜாயின்ட் ஒரு நாள் நழுவி வெளியே வரும். போல்டைப் புதிதாகவே போடுங்கள், அதற்கு மிச்சம் பிடிக்க வேண்டாம்.

"குழியில இறங்கினா கையை அடிக்குது"

கொஞ்சம் அடிக்கும். பவர் ரேக்கில் ஆயில் அதிர்ச்சியைக் குடித்துக்கொண்டிருந்தது, இப்போது கல் மேல் ஏறினால் கல் என்று கை சொல்லும். கட்டை விரலை வளையத்துக்கு உள்ளே கோத்துப் பிடிக்காமல் மேலே வைத்துப் பிடிக்கப் பழகுங்கள். அடியோடு சேர்ந்து 'டக் டக்' என்று சத்தமும் வந்தால் ரேக் அட்ஜஸ்டர் லூசு, அல்லது உள் டை ராட் தேய்வு, அல்லது கிளாம்ப்.

சத்தம் இல்லை, ஆனால் ஒவ்வொரு பள்ளத்துக்கும் வண்டி தானே ஒரு பக்கம் துள்ளுகிறது என்றால் வேறு விஷயம்: ரேக் நிற்கும் உயரம் மாறியிருக்கிறது. வேறு மாடல் ரேக்கைத் தகடு வைத்து உயர்த்திப் பொருத்தியிருப்பார்கள், சஸ்பென்ஷன் ஏறி இறங்கும்போது டை ராட் சக்கரத்தை இழுக்கும். அலைன்மென்ட்டால் இது தீராது. பொருத்தும் இடமே ஒத்துவராத ரேக் அது, கழற்றத்தான் வேண்டும்.

"ஸ்டீயரிங் கோணலா நிக்குது, ஒரு பக்கம் அதிகமா திரும்புது"

ரேக்கை நடுவில் வைக்காமல் மாட்டியிருக்கிறார்கள். ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை சுற்றுகளை எண்ணிப் பாதியில் நிறுத்துங்கள், அங்கே வளையம் நேராக இருக்க வேண்டும், டை ராட் மரைகள் இரு பக்கமும் ஏறக்குறைய சமமாக வெளியே தெரிய வேண்டும். பவர் ரேக்கில் பெரும்பாலும் 3 சுற்று அளவில் முடிவது மேனுவலில் 4 வரை போகும், அது பழுதல்ல. வளையத்தை மட்டும் கழற்றி நேராக்கி மாட்டுவது ஏமாற்று வேலை. கொண்டை ஊசி வளைவில் ஒரு பக்கம் திரும்பும், மறு பக்கம் லாக் பற்றாமல் ரிவர்ஸ் போட வேண்டிவரும்.

"பெல்ட் கத்துது, பேட்டரி லைட் எரியுது"

ஸ்டீயரிங்குக்குச் சம்பந்தமில்லாதது போலத் தெரிந்தாலும் இதுதான் மலையில் ஆபத்து. பவர் பம்ப்புக்குத் தனி பெல்ட் இருந்தால் எடுத்துவிட்டுப் போகலாம். ஒரே நீளப் பெல்ட் பம்ப், ஆல்டர்னேட்டர், ஏசி கம்ப்ரசர் எல்லாவற்றையும் சுற்றும் வண்டியில் பம்ப்பைத் தூக்கினால் பெல்ட் ஓடும் பாதையே மாறும். நீளம் குறைந்த ஏதோ ஒரு பெல்ட்டைப் போட்டு ஓடவிட்டால் ஆல்டர்னேட்டர் புல்லியைச் சுற்றிப் பெல்ட் பிடிக்கும் அளவு குறைந்து நழுவும், கத்தும். வாட்டர் பம்ப்பும் அதே பெல்ட்டில் இருந்தால் ஏற்றத்தில் சூடேறும். பல டீசல் வண்டிகளில் பிரேக் பூஸ்டருக்கு வெற்றிடம் தரும் பம்ப் ஆல்டர்னேட்டரின் முதுகில்தான் இருக்கிறது. பெல்ட் நழுவினால் இறக்கத்தில் பிரேக் பெடல் கல்லாகிவிடும். பம்ப் இருந்த இடத்தில் ஒரு ஐட்லர் புல்லியை (பெல்ட்டை வழிநடத்த வெறுமனே சுற்றும் சக்கரம்) வைப்பதுதான் பாதுகாப்பு, அடிப்படை மாடலுக்கு அப்படி வந்த பிராக்கெட் இருந்தால் அதையே வாங்குங்கள்.

ஐடில் (வண்டி நிற்கும்போது இன்ஜின் ஓடும் வேகம்) ஏறி இறங்கினால் பம்ப்பிலிருந்து வந்த மெல்லிய ரப்பர் குழாய் எங்காவது திறந்து கிடக்கிறதா என்று பாருங்கள். சில வண்டிகளில் ஸ்டீயரிங் திருப்பும்போது ஐடிலைக் கூட்டுவதற்காக இன்டேக்கிலிருந்து பம்ப்புக்குக் காற்றுக் குழாய் போகும், அதை அடைக்காமல் விட்டால் இன்ஜின் திருட்டுக் காற்று குடிக்கும். பிரஷர் சுவிட்ச் ஒயர் தொங்கிக்கொண்டு உடம்பில் உரசினாலும் ஐடில் குழம்பலாம், டேப் சுற்றிக் கட்டிவிடுங்கள்.

"ஃபியூஸைப் பிடுங்கினேன், முன்னைவிட மோசம்"

மோசமாகத்தான் இருக்கும். பெரும்பாலான இ.பி.எஸ். வண்டிகளில் ஸ்டீயரிங் காலத்தில் இருக்கும் மோட்டார் ஒரு பல்சக்கரம் வழியாகத் தண்டோடு எப்போதும் பிணைந்தே இருக்கிறது. கரன்ட் இல்லாவிட்டால் உதவி செய்வதற்குப் பதில் நீங்கள் அந்த மோட்டாரையும் சேர்த்துச் சுற்றுகிறீர்கள். இதிலும் டார்ஷன் பார் இருக்கிறது, அதன் முறுக்கு ஆட்டமும் இருக்கும். இந்த வண்டிகளில் ரேக் ஏற்கெனவே மேனுவல் மாதிரியானதுதான், மாற்ற வேண்டியது ஸ்டீயரிங் காலம். அதே காரின் பவர் இல்லாத மாடலின் காலத்தைப் போடாமல் ஃபியூஸோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். இ.பி.எஸ். பழுது என்றால் பெரும்பாலும் டார்க் சென்சாரோ (திருப்பும் பலத்தை அளப்பது) கனெக்டரோதான், அதைச் சரி பார்ப்பது காலத்தை மாற்றுவதைவிடக் குறைந்த செலவிலும் முடியலாம், முதலில் அதைப் பாருங்கள்.

ஓட்டிப் பார்க்கும் முறை

எல்லாம் முடிந்து அலைன்மென்ட்டும் பார்த்த பிறகு நேரே மேலே போய்விட வேண்டாம். அஸ்தம்பட்டியிலிருந்து கோரிமேடு வழியாக அடிவாரம் வரை சமதளத்தில் போய், வண்டியை ஓரம் கட்டி, பிஞ்ச் போல்ட், கிளாம்ப், டை ராட் லாக் நட்டு மூன்றையும் கை வைத்துப் பாருங்கள். அப்புறம் முதல் இரண்டு மூன்று வளைவு வரை ஏறி, இடம் பார்த்துத் திருப்பி, இரண்டாம் கியரில் இறங்கி வாருங்கள், ஆளில்லாத காலை நேரமாக இருந்தால் நல்லது. வளைவில் கை மாற்றிப் போட முன்பைவிட அதிக சுற்று தேவைப்படும், அதனால் வளைவுக்குள் நுழைந்த பிறகு இல்லாமல் நுழையும்போதே திருப்பத் தொடங்க வேண்டும். ஏறிவரும் வண்டிக்கு வழி விடுவது மலைப்பாதை விதி, நின்று வழிவிட்டுக் கிளம்பும்போதுதான் கனம் முழுசாகத் தெரியும், கொஞ்சம் உருளவிட்டுத் திருப்புங்கள். ஏற்காட்டுக்குப் போகும் இன்னொரு பாதையான குப்பனூர் வழியை முதல் சோதனைக்கு எடுக்காதீர்கள், அந்த இறக்கம் பழகிய கைக்கே வேலை வைக்கும்.

எங்காவது ஒரே இடத்தில் ஸ்டீயரிங் ஒரு கணம் சிக்கி விடுபட்டால், எவ்வளவு சின்னச் சிக்கலாக இருந்தாலும், அங்கேயே நிறுத்தி டோ வண்டியைக் கூப்பிடுங்கள். ஓரிரு நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு போல்டுகளை டார்க் ரெஞ்சில் மறுபடி பார்த்து, ரேக் பூட் கிழியாமல் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். மலையில் மழைக்காலத்தில் பூட் கிழிந்தால் தண்ணீரும் சேறும் நேரே பல்லுக்குத்தான் போகும்.